கடைசிக் கூட்டுப் பணம்

வாசகர் கேள்வி:

வணக்கம் அம்மா. எனக்கு 58 வயது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் மண்டோராக, வேலையாட்களை மேற்பார்க்கிறவனாக இருந்தேன். 2004இல் தோட்டத்தில் 24 பேர் சேர்ந்த கூட்டு (சீட்டு) ஒன்றை நடத்தினேன். ஆளுக்கு மாதம் 200 வெள்ளி (ரிங்கிட்). கடைசிக் கூட்டு ஓர் அக்காவுக்கு. பால் வெட்டுகிறவர், புருஷனை இழந்தவர். அவருக்குச் சேர வேண்டிய 4,800 வெள்ளியை நாலு நம்பர் லாட்டரியிலும் சம்சுச் சாராயத்திலும் அழித்துவிட்டேன். ஆட்கள் பணம் கட்டவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். பழி எதிர் வீட்டு அண்ணன் மேல் விழுந்தது. அக்கா 2016இல் இறந்துவிட்டார். மகள் டவுனில் தையல் கடை வைத்திருக்கிறார். பசாரில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். 2014இல் ஞானஸ்நானம் எடுத்தேன். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் குடியை விடுகிறேன் என்று ஆண்டவரிடம் சொல்வேன், மூன்று வாரம் தாண்டியதில்லை. தினம் பத்து வெள்ளிக்காவது குடிக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி மட்டும் தொடமாட்டேன், காலையில் சபைக்குப் போக வேண்டுமே. போன மாதம் போதகர் ஐயா காணிக்கை எண்ணும் குழுவில் உட்காரச் சொன்னார். நோட்டை எடுத்ததும் கை நடுங்கியது, எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு திருவிருந்தும் எடுப்பதில்லை. 'கும்புடுற சாமிய மாத்துனா கொணம் மாறிடுமா?' என்று என் அக்கா கேட்கிறார். எனக்கு மீட்பு உண்டா, இல்லை இத்தனை வருஷமும் நடித்தேனா? சில ராத்திரி, இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எடுத்துவிட்டு, சுருக்கித்தான் கடிதத்தைப் போட்டிருக்கிறேன். கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். 'இருந்து என்ன பிரயோஜனம்' என்ற நினைப்பு மறுபடி வரும் ராத்திரியில் தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரை எழுப்புங்கள். அது முடியாவிட்டால், மனக் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கிற பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணுக்கு அடியுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று நம் ஆட்கள் பயப்படுவதுண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023இல் நம் மலேசிய நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

அடுத்தது, கை நடுக்கம். திருடிய கை காணிக்கையைத் தொட்டதால் நடுங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். மனசாட்சி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தினமும் குடிக்கிறவர் சனிக்கிழமை ராத்திரி குடிக்காமல் படுத்தால், ஞாயிறு காலை பத்து மணிக்குக் கை நடுங்கத்தான் செய்யும். அது உடம்பு சாராயத்தைக் கேட்கிற நடுக்கம். நீங்கள் அதை ஆண்டவர் கொடுத்த தீர்ப்பு என்று படித்துவிட்டீர்கள்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆலோசனை வேலைக்கு வந்த புதிதில், குடிக்கு அடிமையான ஒருவரிடம் 'விசுவாசம் இருந்தா இன்னைக்கே விட்டுடலாம்' என்று சொல்லி அனுப்பினேன். நம்பிப் போனார். அன்றே விட்டார். இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ரத்தத்தோடு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். பிழைத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போய், தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொன்னேன். அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு கிளாஸ் தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதைக் குடிக்க என்னால் முடியவில்லை, குடிக்காமல் இருக்கவும் முடியவில்லை. அதனால் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் ஒரே நாளில் தானாக விடக் கூடாது. முதலில் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. 'நான் தினமும் குடிக்கிறேன், விட வேண்டும், விட்டால் கை நடுங்குகிறது' என்று அப்படியே சொல்லுங்கள். நடுக்கமும் வலிப்பும் வராமல் தடுக்க மருந்து இருக்கிறது. சில நாள் வார்டில் வைத்துப் பார்க்க வேண்டியும் வரலாம். மனசைப் பற்றி டாக்டரிடம் வாயைத் திறந்தால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் நம் ஊர்ப் பக்கம் தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறது. 1911இல் தொடங்கிய அந்த மருத்துவமனை ஆயிரக்கணக்கானவர்களைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. அந்தப் பெயருக்குப் பயந்து வீட்டிலேயே செத்தவர்களையும் எனக்குத் தெரியும்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி.

என் அப்பா பால் வெட்டினவர். விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற நேரம். கணக்கு எழுதுகிற கிராணி, செக்ரோல் என்ற பெயர்ப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். வந்தவனுக்குப் பேர் விழும், பிந்தி வந்தவனுக்கு அரைப் பேர், வராதவனுக்கு ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் அந்தப் பேரைக் கூட்டித்தான் சம்பளம். ஒரு சனிக்கிழமை ராத்திரி அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வேலித் தகராறு முற்றிக் கைகலப்பாகிவிட்டது. மறுநாள் காலை நான் ஜெபக்கூடத்துக்குக் கிளம்பி நிற்கிறேன், அப்பா வேட்டிகூடக் கட்டாமல் படியில் உட்கார்ந்திருக்கிறார். 'இன்னைக்கு எனக்குப் பேரு விழாதும்மா, நீ போ' என்றார். எனக்கு அப்போது பத்து வயது. அவர் சொன்னது புரிய முப்பது வருஷம் ஆனது. ஆண்டவரையும் அவர் கிராணியாகத்தான் பார்த்திருக்கிறார்.

அண்ணன், நீங்களும் அதே பெரட்டுக் களத்தில்தான் நிற்கிறீர்கள். போதாததற்கு நீங்கள் மண்டோர். அடுத்தவன் பேரை எழுதவும் அடிக்கவும் பழகிய கை. பதினோரு ஈஸ்டருக்கும் உங்கள் பேரை நீங்களே எழுதி, மூன்றாவது வாரம் நீங்களே அடித்திருக்கிறீர்கள்.

'பாவத்தின் சம்பளம் மரணம்' என்ற வசனம் தோட்டத்தில் பிறந்த நம் எல்லாருக்கும் தெரியும். வேதம் படிக்காதவர்களுக்கும் தெரியும். ரோமர் ஆறாம் அதிகாரத்தின் கடைசி வசனம் அது. ஆனால் நம்மில் பாதிப் பேர் வசனத்தின் முதல் பாதியோடு நின்றுவிடுகிறோம். அடுத்த பாதியில் நித்தியஜீவனைப் பற்றிச் சொல்லும்போது, அதை எழுதிய பவுல் 'சம்பளம்' என்ற சொல்லையே எடுக்கவில்லை. அதைக் கிருபைவரம் என்கிறார். வரம் என்றால் கொடுக்கிறவர் மனசாகக் கொடுப்பது. கூலி வேறு, கிருபை வேறு என்று நாலாம் அதிகாரத்திலேயே பிரித்துச் சொல்லிவிட்டார்: வேலை செய்தவனுக்கு வருவது கூலி, அது அவனுக்குப் பட்ட கடன். செக்ரோல் பாவத்துக்கு மட்டும்தான் உண்டு. மீட்புக்கு அப்படி ஒரு புத்தகமே இல்லை. ஆகவே 'எனக்குப் பேர் விழுமா' என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. மீட்பு உண்டா என்ற கேள்விக்கு இருக்கிறது. உண்டு. இன்றைக்கு, இந்தக் குடியோடும் இந்தக் கடனோடும் இருக்கிற உங்களுக்கு உண்டு.

'அப்படியானால் மாறாமலே இருக்கலாமா?' என்று கேட்பீர்கள். உங்கள் அக்காவின் கேள்வியும் அதுதான், நியாயமான கேள்வி, கோபப்படாதீர்கள். சாமியை மாற்றியதால் ஒரே நாளில் குணம் மாறிவிடாது. நீங்கள் மெதடிஸ்டு சபைக்காரர் என்பது கடிதத்தின் மற்றப் பகுதியிலிருந்து தெரிந்தது, ஆகவே மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதையைச் சொல்கிறேன். அவர் 1728இலேயே குருப்பட்டம் பெற்றவர். பத்து வருஷம் கழித்து, 1738 மே 24 அன்று மாலை, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டமொன்றில் தம் இருதயம் அனலடைந்தது என்று எழுதினார். அதை மெதடிஸ்டு சபைகள் இன்றும் வருஷா வருஷம் கொண்டாடுகின்றன. அதே வெஸ்லி, எட்டு மாதம்கூட ஆகாமல், 1739 ஜனவரி 4ஆம் தேதி தம் நாட்குறிப்பில், தாம் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்று எழுதிவைத்தார். அதை யாரும் கொண்டாடுவதில்லை. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 2 அன்று, பிரிஸ்டலில் திறந்த வெளியில் ஏழை ஜனங்கள் நடுவில் நின்று பிரசங்கித்தார். நாட்குறிப்பில் அப்படி எழுதிய அதே ஆள்தான். பூரண அன்பைப் பற்றி வாழ்நாளெல்லாம் போதித்தவர், அது தமக்குக் கிட்டிவிட்டது என்று சொல்லிக்கொண்டதில்லை.

பால் மரத்தைக் கேளுங்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டுவிட்டால், புதுப்பட்டை வரும்போது அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். அப்பா அப்படிப்பட்ட மரத்தில் கத்தியைப் பிடிக்கிற விதமே வேறு. மெதுவாக, முடிச்சுக்கு முடிச்சு நிறுத்தி, தடவிப் பார்த்து வெட்டுவார். மங்குக் கிண்ணத்தில் பால் விழும். அந்த மரத்தை அவர் ஒரு நாளும் நிரையில் விட்டுவிட்டுப் போனதில்லை.

சரி, பணத்துக்கு வருகிறேன்.

சகேயுவின் கதையை லூக்கா 19இல் இன்னொரு தடவை படியுங்கள், எது முதலில் நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே படியுங்கள். எரிகோ ஊரில் வரி வசூலிக்கிற ஆயக்காரருக்குத் தலைவன், பணக்காரன், குள்ளன், காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். ஆண்டவர் நிமிர்ந்து பார்த்து, 'இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும்' என்கிறார். 'வாங்கியதைத் திருப்பிக் கொடு, வருகிறேன்' என்று சொல்லவில்லை. ஊர் முணுமுணுக்கிறது. அதற்குப் பிறகுதான் சகேயு எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புகிறேன் என்கிறான். நீங்கள் இத்தனை வருஷமாக இதைத் தலைகீழாகச் செய்யப் பார்க்கிறீர்கள்: குடியை விட்டு, கடனை அடைத்து, சுத்தமாகி, பிறகு ஆண்டவரை வீட்டுக்குக் கூப்பிடலாம் என்று. அதனால்தான் இரண்டுமே நடக்கவில்லை. அவர் வந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள்.

எழுந்து நின்றால் கொடுத்தே ஆக வேண்டும். ஆண்டவர் மன்னித்தால் அக்காவின் 4,800 வெள்ளி தீர்ந்துவிடாது. அது யார் பணம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கடைசிக் கூட்டு கேட்டு எடுக்கிறவர்களைப் பணத் தேவை இல்லாதவர்கள் என்று நாம் நினைக்கிறோம். கையில் இருந்தால் யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயப்படுகிற பெண்கள்தான் பெரும்பாலும் கடைசியில் எடுப்பார்கள். 24 மாதம் அவர் உங்களை நம்பிக் கட்டியிருக்கிறார். கூட்டு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது, ஆகவே எந்த வாசலுக்கும் போய் முறையிட அவர் பயந்திருப்பார். அது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

எவ்வளவு கொடுப்பது? நாலு மடங்கு என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சகேயு பணக்காரன், நீங்கள் இப்போது ஜாகா வேலை, காவல் வேலை பார்க்கிறவர். பெரிய வாக்குக் கொடுத்து உடைப்பது உங்களுக்குப் பழகிப்போன ஒன்று, உடைந்ததும் குடிப்பீர்கள். எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஓர் அளவு இருக்கிறது: பாவத்தை அறிக்கையிட்டு, முதலைக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்க்க வேண்டும். முதல் 4,800, ஐந்தில் ஒரு பங்கு 960, ஆக 5,760 வெள்ளி. மாதம் 160 வீதம் 36 மாதம். நீங்கள் குடிக்குக் கொடுப்பது, சனிக்கிழமைகளைக் கழித்தாலும், மாதம் 250க்குக் குறையாது என்பதை உங்கள் கடிதத்திலிருந்தே கணக்குப் போட்டேன். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர், அண்ணன், நம் ஊர். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நம் பெற்றோர் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் தோட்டமே வாங்கினார்கள். சிறுகக் கட்டுவது நமக்குத் தெரியாததல்ல. முதலில் பேரா வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், எழுத்தில் என்ன கொடுப்பது என்று சொல்வார்கள்.

அந்த மகளிடம் போகும்போது தீபாவளி நெருக்கத்தில், கடையில் கூட்டம் இருக்கும்போது போகாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். முதல் தவணையை உறையில் போட்டு வையுங்கள். 'ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டார்' என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அவருடைய அம்மாவின் பணத்தைப் பற்றிப் பேசும்போது உங்கள் நிம்மதியைக் கேட்க அவருக்கு என்ன தலையெழுத்து? மன்னிப்பும் கேட்டு வாங்கப் பார்க்காதீர்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். உறையைத் தூக்கி எறிந்தால் எடுத்துக்கொண்டு வந்து, அடுத்த மாதம் மறுபடி போங்கள்.

இப்போது நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் பணம் தொகையோடு, மாதக் கணக்கோடு வருகிறது. எதிர் வீட்டு அண்ணன் ஒரே ஒரு வரியில் வருகிறார், அதிலும் 'பழி விழுந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். பழி தானாக விழாது அண்ணன். நீங்கள் போட்டீர்கள். சகேயு பேசுகிற வசனத்தில் 'அநியாயமாய் வாங்கினது' என்று தமிழில் இருக்கிற கிரேக்கச் சொல்லுக்கு, பொய்க் குற்றம் சாட்டிப் பறிப்பது என்றும் பொருள் உண்டு. பணமும் பழியும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. அக்கா இறந்துவிட்டார். அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார், இப்போது செம்மோரில் இருப்பதாக இன்னோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இருபது வருஷமாக ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் 'தாலியறுத்தவ காச தின்னவன்' என்ற பார்வையோடு சாப்பிட உட்கார்ந்திருப்பார். அவர் பிள்ளைகளும் அதைக் கேட்டே வளர்ந்திருப்பார்கள். மகளிடம் போவதற்கு முன்பே இவரிடம் போங்கள். காதோடு சொல்லிவிட்டு வந்தால் போதாது. நீங்கள் பொய் சொன்னது ஊர் நடுவில். கூட்டில் இருந்த மற்றவர்களில் எத்தனை பேர் கிடைக்கிறார்களோ அத்தனை பேரிடமும், அவர் சம்மதித்தால் அவர் முன்னாலேயே, 'அவர் எடுக்கல, நான் எடுத்தேன்' என்று சொல்ல வேண்டும். 4,800 வெள்ளியைவிட இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கடிதத்தில் அந்த வரி அவ்வளவு சின்னதாக இருப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

போதகர் ஐயாவிடமும் சொல்லிவிடுங்கள். காணிக்கை எண்ணும் வேலையை இப்போதைக்கு வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுவது நல்லது. அது தண்டனை இல்லை. குடியிலிருந்து எழுந்து வருகிறவர் கையில் ஊர்ப்பணம் வேண்டாம், அவ்வளவுதான்.

திருவிருந்தை விட்டதுதான் எனக்கு வருத்தம். 'சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு' என்ற வசனத்தை நினைத்து விட்டிருப்பீர்கள். வைத்துவிட்டுப் போகச் சொன்னது காணிக்கையை. அப்பத்தை அல்ல. ஆண்டவரோடு கடைசி இராப்போஜனத்தில் உட்கார்ந்திருந்த பேதுரு, அன்று ராத்திரியே அவரைத் தெரியாது என்று மூன்று முறை சொல்லப்போகிறவர். அது தெரிந்தேதான் அவருக்கும் பிட்டுக் கொடுக்கப்பட்டது. வெஸ்லியும் அந்த மேசை மனம் திரும்பி முடித்தவர்களுக்கு மட்டுமல்ல, திரும்பிக்கொண்டிருக்கிறவர்களுக்கும் உரியது என்றுதான் போதித்தார். அடுத்த தடவை பாத்திரம் வரும்போது கை நடுங்கினால் நடுங்கட்டும், இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் கிளினிக். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, குடிக்காத ஒரு நாள் காலையில், செம்மோருக்குப் போங்கள். சாயங்காலம் வேண்டாம், சாயங்காலம் உங்களுக்கு ஆகாத நேரம். பழம், பிஸ்கட் என்று கையில் எதையும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். சொல்லாவிட்டால் வாசலில் நின்றபடியே, முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: 'அண்ணே, அக்காவோட கூட்டுக் காச எடுத்தது நான்தான்.' அதற்கு மேல் அவர் என்ன கேட்கிறாரோ அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.